பத்மினிக்குப் போட்ட இலை

கமலவேணிக்குப் போட்டியாக வந்தவள் உயிரோடு இருந்திருந்தால், ஒரே வாரத்தில் அவளை வாயாலேயே விரட்டியிருப்பாள். புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கங்காணிகூட அவள் பால் வெட்டுகிற மர நிரைப் பக்கம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் அவளுக்கு வாய்த்த போட்டிக்காரி செத்துப்போனவள். செத்தவளிடம் போய் என்ன சண்டை போடுவது?

கமலவேணி எனக்குத் தங்கை முறை. என் அம்மாவுக்கு நேர் இளையவள் பெற்ற மகள். அவளுக்குப் பின்னால் நான்கு தம்பிகள். அப்பன் சீக்கிரம் போய்விட்டதால் பால் வெட்டி அந்த நாலு பேரையும் ஆளாக்கி, மூத்தவனுக்குப் பெண் பார்த்து முடிப்பதற்குள் இவளுக்கு வயது முப்பதைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் யார் வருவார்கள் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் பொன்னுதுரை சம்பந்தத்தைக் கொண்டுபோனவள் நான்தான்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது மலாக்கா டவுனில் காஜா பேராங். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார் பொன்னுதுரை. டெலிபோன் இலாகாவில் கம்பி இழுக்கிற வேலை. தெங்கேராவிலிருந்து செமாபோக் வரைக்கும் அவர் ஏறாத கம்பம் இல்லை. நல்ல மனிதர், குடி கிடையாது. ஒரே குறை, பேச்சு கிடையாது. ஊர் பூராவும் பேசிக்கொள்வதற்குக் கம்பி இழுத்துக் கொடுக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் ‘ம்’ என்பார். கோபம் வந்தால் அந்த ‘ம்’மும் வராது.

அவருக்கு மூத்த தாரம் பத்மினி. அவள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். செட்டி என்றதும் வட்டிக்கடைச் செட்டியாரை நினைத்துவிட வேண்டாம். இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழர் வழி. சாமி நம் சாமி. பேச்சு மலாய்ப் பேச்சு. பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்துவார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மெர்டேக்கா கொண்டாடிய வருஷம் பத்மினியைக் கட்டிக்கொண்டு, பொன்னுதுரை அவள் வீட்டோடு வந்து சேர்ந்தார். ஐந்து வருஷம் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அப்புறம் மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். அவளுடைய அக்கா ஜெயாவும் மற்றவர்களும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை. மறுகல்யாணம் ஆனபோதும், “நீ எங்க வீட்டுப் பையன்தானே, இங்கேயே இரு” என்று பின்கட்டில் இரண்டு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

அந்த அறைகளில்தான் கமலவேணி குடும்பம் நடத்த வந்தாள். கட்டில் பத்மினியுடையது. கண்ணாடி பத்மினியுடையது. அம்மியில் பத்மினி அரைத்து அரைத்து விழுந்த பள்ளம். இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். கட்டிலைத் திருப்பிப் போட்டாள்; கண்ணாடியைக் கழுவிக் கழுவித் துடைத்தாள். அவளால் ஒன்றும் செய்ய முடியாமல் போனது பூனை ஒன்றைத்தான்.

பெலாங் என்று பெயர். சாம்பல் நிறத்தில் கறுப்புப் பட்டை போட்டது. வால் நுனி முடிச்சுப் போட்ட மாதிரி மடங்கியிருக்கும், நம் ஊர்ப் பூனைகளுக்கு இருக்குமே அந்த மாதிரி. பொன்னுதுரை சாப்பிட உட்கார்ந்தால் அது அவர் தொடையோரம் வந்து உட்காரும். மீனில் முள்ளை எடுத்துவிட்டு முதல் துண்டை அதற்கு வைத்துவிட்டுத்தான் அவர் வாயில் வைப்பார். ஜெயா அக்கா அந்தப் பக்கம் வந்தால் பூனையைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு, “பத்மினி சாயாங் பண்ணி வளத்த பிள்ளை இது” என்று மலாயும் தமிழுமாகக் கலந்து கண் கலங்குவார். சாயாங் என்றால் ஆசை, பாசம். பொன்னுதுரை அதற்கும் ‘ம்’ என்பார்.

கமலவேணி என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து கொட்டித் தீர்ப்பாள்.

“பெரியக்கா, நான் சமைக்கிற மீன்ல முதல் துண்டு யாருக்குப் போகுது தெரியுமா?”

“பூனைக்குத்தானேடி. போனாப் போகுது விடு.”

“பூனைக்கா போகுது? அது வழியா அவளுக்குத்தான் போகுது லா.”

இப்படி ஒரு பொறாமையை நான் பார்த்ததில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும். அதனால் என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்த வருஷம் போகி வந்தது. செட்டி வீடுகளில் போகி அன்றைக்குப் பார்ச்சு என்று ஒன்று வைப்பார்கள். வீட்டில் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒரு இலை. அவரவர் உயிரோடு இருந்தபோது எதை விரும்பிச் சாப்பிட்டார்களோ அதைச் சமைத்துப் படைத்து, சாம்பிராணி காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, பிறகு திறப்பார்கள். பத்மினிக்குப் பிடித்தது பிண்டாங், மிளகும் தேங்காய்ப் பாலும் சேர்த்த மீன் குழம்பு. ஜெயா அக்கா அதைத் தன் கையாலேயே வைத்தார். கமலவேணியைத் தேங்காய் துருவ மட்டும் விட்டார்கள்.

கதவைத் திறந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். பெலாங் ஜன்னல் வழியாக உள்ளே போய், பத்மினி இலைக்கு முன்னால் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்து, மீனின் நடுத்துண்டைத் தின்றுகொண்டிருந்தது. வேறு எந்த இலையிலும் வாய் வைக்கவில்லை.

“வந்துட்டா! என் தங்கச்சி வந்துட்டா!” என்று ஜெயா அக்கா கத்தினார். எல்லோரும் கும்பிட்டார்கள்.

கமலவேணி பூனையைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி அந்த முகம் மலர்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர்.

அன்று சாயங்காலம் வந்து சொன்னாள்: “ஜன்னலுக்குக் கிட்ட இருந்த எல அதுதான் பெரியக்கா, அதனாலதான் பூனை அங்க உக்காந்துச்சு. இது ஏன் யாருக்கும் தெரியல?” பிறகு, “கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த மூஞ்சிய எனக்கு ஒரு நாள் காட்டல” என்றாள்.

சபா நம்மோடு சேர்ந்து மலேசியா ஆன மறுவருஷம் அது. அங்கே டெலிபோன் கம்பி இழுக்க இங்கிருந்து ஆட்களை அனுப்பினார்கள். பொன்னுதுரைக்கு அங்கே ஜெசல்டன் டவுனுக்கு மாற்றல் வந்தது. கப்பலில் போக வேண்டிய தூரம். மற்ற வீடுகளில் பெண்கள் அழுதார்கள். கமலவேணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியக்கா, கடல் தாண்டிப் போறேன்! செத்தவங்களுக்குக் கப்பல்ல எடம் குடுக்க மாட்டாங்கல்ல?”

அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டில் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், எதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று அவளே முன்னால் நின்று சொன்னாள். எல்லாவற்றுக்கும் அவர் ‘ம்’ போட்டார். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் பின்வாசலில் பிரம்பை வளைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கோழிக்கூடு என்று நினைத்திருக்கிறாள்.

“கோழி எதுக்குங்க இப்ப?”

“பெலாங்குக்கு.”

ஒரே சொல். அதோடு முடிந்தது பேச்சு. அவள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், “பூனைய இங்கேயே உட்டுட்டு வாங்க, ஜெயா அக்கா பாத்துக்குவாங்க” என்று கெஞ்சினாள். அவர் கூட்டுக்குக் கதவு வைத்தார். மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

கப்பல் பிடிக்கச் சிங்கப்பூர் பஸ் ஏறும்போது ஜெயா அக்கா கூட்டுக்குள் விரலை விட்டுப் பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கமலவேணி பக்கம் திரும்பினார். தங்கள் வீட்டு மலாயிலேயே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “போகிக்கு மறந்துடாதே. அவளுக்கு ஒரு இலை போடு. இது போற இடத்துக்கு அவளும் வருவா.”

“வரட்டும் அக்கா, அவங்களுக்கும் சேத்தே வாந்தி மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன்” என்றாள் கமலவேணி தமிழில். நல்ல வேளை, ஜெயா அக்காவுக்கு அது முழுதாகப் புரியவில்லை.

இதற்கு மேல் சொல்வதெல்லாம், தலைப் பிரசவத்துக்கு மலாக்கா வந்து என் வீட்டில் தங்கியிருந்தபோது அவள் வாயால் சொன்னது.

கப்பலில் அவளுக்குத் தலை தூக்க முடியவில்லை. அவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் ஆளைக் காணாது. பின்பக்கத்தில் ஆடு கட்டியிருந்த இடத்தில் பூனைக் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். “எனக்கு எலுமிச்சம்பழம், அதுக்கு ஆளு” என்றாள்.

ஜெசல்டனில் இறங்கியதும் ஒரு வேடிக்கை நடந்தது. துறைமுகத்தில் ஒரு அதிகாரி வந்து கூட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். அந்தச் சீமையில் வெறிநாய் நோய் கிடையாது, அதனால் வெளியிலிருந்து வருகிற நாய் பூனைகளை மாதக்கணக்கில் தனியாக அடைத்து வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விடுவார்கள். பொன்னுதுரைக்கு முகம் கறுத்துவிட்டது. கமலவேணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கப்பலில் வந்த நம் ஜனங்களை, அம்மை இருக்கிறதா என்று கொரண்டின் கேம்பில் போட்டு அடைத்து வைப்பார்களே, அவள் அப்பனும் அப்படி அடைபட்டுக் கிடந்தவர்தான்.

“எங்கப்பன அடைச்சானுங்க, இப்ப ஒரு நல்ல காரியத்துக்கு அடைக்கிறானுங்க. கவர்மெண்டே என் சக்களத்தியப் புடிச்சு லாக்கப்புல போட்டுருச்சு பெரியக்கா! நான் மாரியாத்தாவுக்குக்கூட வேண்டிக்கல, தானா நடந்துச்சு.”

அரசாங்கம் கொடுத்த பலகை வீட்டில் புதுக் கட்டில், புதுப் பாய். அம்மிகூடப் பள்ளமில்லாதது. சாயங்காலம் தலை வாரி, பவுடர் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். வேலை விட்டு எல்லோரும் வந்தார்கள். இவர் வரவில்லை. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, காலில் சேறோடு வந்தார். பூனை அடைத்திருந்த கொட்டகை ஊருக்கு வெளியே. நடந்து போய் நடந்து வந்திருக்கிறார். மறுநாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும்.

மழை வரும் என்று சொல்லிப் பார்த்தாள், குடை எடுத்துக்கொண்டார். விறகு தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து வெட்டிப் போட்டுவிட்டு, சாயங்காலம் வழக்கம்போல் போனார். தலைவலி என்று படுத்தாள். தைலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மலாக்காவிலாவது அவரும் பூனையும் அவள் கண்ணுக்கு எதிரில் இருந்தார்கள். இப்போது மனிதரையும் சேர்த்துக் கொட்டகைக்குக் கொடுத்தாயிற்று.

ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். இரட்டைக் கம்பி வலை போட்ட கொட்டகை. யாரும் தொடக்கூடாது, வலைக்கு இந்தப் பக்கம் கோடு போட்ட இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு தென்னை மரத்தை ஒட்டி நின்று பார்த்தாள். அவர் வாய் அசைந்தது. நிற்காமல் அசைந்தது. கையை நீட்டுகிறார், தலையை ஆட்டுகிறார், சிரிக்கிறார்.

“பேசுறாரு பெரியக்கா! அந்த மனுஷன் பேசுறாரு!” இதைச் சொல்லும்போது, எத்தனையோ மாதம் கழித்தும் அவளுக்கு மூச்சு வாங்கியது. “என்ன பேசுறாருன்னு காதுல விழல. அவகிட்டத்தான் பேசுறாரு, வேற யாருகிட்ட பேசுவாரு? நான் ஒருத்தி வீட்டுல ஊமைக்கு வாக்கப்பட்ட மாதிரி உக்காந்திருக்கேன்.”

மறுநாள் பகலில், அவர் வேலைக்குப் போன பிறகு, தனியாகக் கொட்டகைக்குப் போனாள். காவல் பார்க்கிறவர் அந்த ஊர் மனிதர், வயதானவர், மலாய் பேசுவார்.

“இந்தப் பூனைக்குச் சொந்தக்காரங்க யாரும் வரலைன்னா என்ன பண்ணுவீங்க, பாக்சிக்?” என்று, வயதானவர்களை மலாயில் கூப்பிடுகிற முறை வைத்துக் கேட்டாள்.

“தினமும் வர்றாரே அந்தத் தம்பி.”

“வரலைன்னா?”

“வேணாம்னு சொல்லிட்டா ஊசி போட்டுடுவாங்க. உனக்கு என்ன வேணும் அவரு?”

அவள் வந்த வழியே திரும்பி நடந்துவிட்டாள். கொலைகாரி மாதிரி வேர்த்துவிட்டது என்றாள். அதற்குப் பிறகு அந்த யோசனை பக்கமே அவள் போகவில்லை. ஆனால் வயிற்றெரிச்சல் போகவில்லை.

போகி வந்தது. அவள் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்ட மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தாள். அவர் விடிகாலையில் பசாருக்குப் போய் மீன் வாங்கிவந்து, அடுப்படி வாசலில் நின்றார்.

“பிண்டாங் வெக்கிறியா?”

கல்யாணம் ஆகி அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. அதுவும் யாருக்காக? அவளுக்கு அம்மிக் குழவியைத் தூக்கிப் போடலாம் போல் இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஜெயா அக்கா செய்ததைப் பார்த்த ஞாபகத்தில் மிளகு அரைத்தாள், தேங்காய்ப் பால் பிழிந்தாள். உப்பை அள்ளிக் கொட்டிக் கெடுத்துவிடலாமா என்று ஒரு முறை கை போனதாம். கொட்டத்தான் மனம் வரவில்லை. தான் வைத்த குழம்பை எவளாவது குறை சொல்வதா, செத்தவளாகவே இருந்தாலும்?

சாயங்காலம் இலை போட்டார்கள். சோறு, பிண்டாங், ஒரு கோப்பையில் கறுப்புக் காப்பி. சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திவிட்டு, இருவரும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள். பிறகு அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். இலை வைத்தது வைத்தபடி இருந்தது. மீனில் ஒரு கீறல் இல்லை.

அவர் அப்படியே நின்றார். மலாக்காவில் மலர்ந்து பார்த்த அதே முகம், இப்போது அடி வாங்கிய மாதிரி சுருங்கிப் போனது. இலையை நாலு பக்கமும் மடித்து, தட்டில் வைத்து, துணி போட்டுக் கட்டினார். செருப்பை மாட்டினார்.

“எங்கங்க போறீங்க?”

அவர் படியிறங்கி நடந்தார். எங்கே என்று அவளுக்குத் தெரியாதா? கதவைக்கூடப் பூட்டாமல் அவளும் பின்னால் நடந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் முன்னால், அவள் பின்னால்.

கொட்டகையில் அந்தப் பெரியவர் முடியாது என்றுவிட்டார்.

“வெளிச் சாப்பாடு உள்ள போகக் கூடாது தம்பி. என் வேலை போயிடும்.”

“ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு.”

“ஒரு முள்ளு கூட முடியாது.”

“இன்னிக்கி மட்டும் பாக்சிக், நாளைக்கிக் கேக்க மாட்டேன்” என்று இவர் கை கூப்பினார். ஒரு மனிதரிடம் அவர் கை கூப்பி அவள் பார்த்ததில்லை. வலைக்கு அந்தப் பக்கம் பெலாங் கொழுகொழுவென்று படுத்திருந்தது. இவர்களைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

“அதுக்கு வயிறு நெறஞ்சு போச்சு, பாருங்க” என்றார் பெரியவர், பாவமாக.

பொன்னுதுரை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தூறலில் நின்றார். அந்த நிலையைப் பார்த்ததும் கமலவேணிக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. விடுவிடுவென்று போய் அவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். கொட்டகைப் படியில் உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்து, இலையை விரித்து, மீனின் நடுத்துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

“ஏய்! அது பத்மினி எல!”

“தெரியும்.” சோற்றைப் பிசைந்தாள். “பூனை தின்னா அவ வந்தான்னு சொல்றீங்க. நான் தின்னா யாரு வந்ததா சொல்வீங்க? சொல்லுங்க பாப்போம்.”

அழுதுகொண்டே தின்றாளாம். மூக்கு ஒழுகுகிறது, மழை வேறு இலையில் விழுகிறது, காவல்காரப் பெரியவர் வாயைப் பிளந்து பார்க்கிறார். அவள் நிறுத்தவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட வேண்டும் என்று ஒரு வெறி. அவர் அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தாலும் சரி என்று இருந்தாள்.

அவர் அடிக்கவில்லை. வந்து, அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

“உப்பு சரியா இருக்கா?”

“ம்” என்றாள் இவள். அன்றைக்கு அவள் முறை.

“பத்மினி கம்மியாத்தான் போடுவா.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “இந்தப் பூனையக் கண்டா அவளுக்கு ஆகாது.”

கமலவேணி கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டாள்.

“என்ன சொல்றீங்க? அவங்க வளத்த பூனைன்னு…”

“ஜெயா அக்கா சொல்லுவாங்க. நான்தான் கொண்டாந்தேன். தெங்கேராவுல கம்பத்தடியில கெடந்துச்சு. பத்மினி ஒரு மீன் துண்டு போட மாட்டா. பூனைகிட்ட பேசுற வாயி என்கிட்ட பேசாதான்னு தெனம் சண்டை. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கும் அந்தச் சண்டைதான். கோவத்தோட போனா. திரும்பி வரல.” முகத்தில் வழிந்த தூறலைத் துடைத்தார். “போன போகிக்கு அவ எலையில இது தின்னுச்சு பாரு, யாரும் வெரட்டல. சரி, அவளே தின்ன விட்டுட்டா, கோவம் தீந்துடுச்சுன்னு நெனச்சேன். இன்னிக்கி எல அப்படியே இருந்துச்சு. மறுபடி கோவமோன்னு…”

இவ்வளவு நீளமாக அவர் பேசி உலகத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செத்தவள் மேல் கமலவேணிக்கு ஒரு நொடி இரக்கம்கூட வந்ததாம். தன்னை மாதிரியே ஒருத்தி, இதே பூனையைப் பார்த்து இப்படியே வெந்திருக்கிறாள். ஆனால் கமலவேணி யார்? அந்த இரக்கம் ஆறுவதற்குள் அடுத்த பொறாமை வந்துவிட்டது.

“அப்ப அவங்ககூட தெனம் சண்டை போட்டிருக்கீங்க.”

“ம்.”

“அஞ்சு வருஷம்.”

“ம்.”

“என்கூட ஒரு நாள் போட்டீங்களா? நான் கெஞ்சுனேன், அழுதேன், பட்டினி கெடந்தேன். ஒரு வார்த்த திருப்பிச் சொன்னீங்களா? அவங்களுக்குச் சண்டை, பூனைக்குப் பேச்சு, எனக்கு ‘ம்’மா? தெனம் இங்க வந்து அதுகிட்ட என்னதான் பேசுவீங்க?”

“என்ன பேசுவேன். எந்தக் கம்பம் ஏறுனேன், காத்து எப்படி அடிச்சுச்சு, அந்த மாதிரி.”

“அத என்கிட்ட சொன்னா என்ன?”

“பூனை பதில் சொல்லாது” என்றார். “நீ சொல்லுவ. அப்புறம் அதுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்.”

காவல்காரப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இந்த இடத்தில் அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கமலவேணி ஆரம்பித்தாள். தோட்டத்தில் கங்காணியை நடுங்க வைத்த வாயை இத்தனை மாதம் புதுப்பெண் என்று கட்டிப் போட்டு வைத்திருந்தாள், அது அவிழ்ந்துகொண்டது. தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தபடியே பேசினாள். முதலில் அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் நின்றார்.

“பூனைய உட்டுட்டு வரச் சொன்னியே, அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“நான் என்ன பாவம் பண்ணேன்?”

“நீ ஒரு வார்த்த கேட்டியா, பூனை யாருதுன்னு?”

“நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“கத்தாத, ரோட்டுல ஆளு பாக்குறாங்க!”

“பாக்கட்டும்! நீங்கதான் இப்பக் கத்துறீங்க!”

உண்மையிலேயே அவர்தான் கத்திக்கொண்டிருந்தார். சைக்கிளில் போன ஒரு சீனர் இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார். வீடு போய்ச் சேரும் வரைக்கும் சண்டை ஓயவில்லை. பொங்கல் அன்றைக்குக் காலையிலும் மிச்சம் இருந்தது. பானை வைக்கும்போதும் நடந்தது. அப்படி ஒரு பொங்கலை அவள் கொண்டாடியதே இல்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகும் அவர் கொட்டகைக்குப் போகத்தான் செய்தார். ஆனால் இவளையும் கூட்டிக்கொண்டு போனார், இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனார். தவணை முடிந்து பூனையை விட்டபோது அது இரண்டு பேரையும் அடையாளம் தெரியாத மாதிரி பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இவள்தான் மீன் துண்டு வைத்து வெளியே கூப்பிட்டாள். அவர் பார்க்கும்போது வைக்க மாட்டாளாம். பார்த்துவிட்டால் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வாராம்.

இதெல்லாம் சொல்லிக்கொண்டு வரும்போது, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு என் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெண் பிறந்தால் பத்மினி என்று பெயர் வைக்க வேண்டும் என்று ஜெயா அக்கா காலையில்தான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“என்ன சொல்லப் போறே?” என்று கேட்டேன்.

“மாட்டேன்னுதான் சொல்லப் போறேன். எல போடுறேன், பிண்டாங் வெக்கிறேன், வருஷா வருஷம் செய்வேன். பேரத் தர மாட்டேன். இந்தப் பிள்ளையாச்சும் எனக்கு மட்டும் இருக்கட்டும்.” அதே பழைய பொறாமை கண்ணில் எட்டிப் பார்த்தது. அது அவளை விட்டு முழுசாகப் போகவே இல்லை. இன்றைக்கும் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். விஜயா என்று பெயர் வைத்தாள். அந்த விஜயாவுக்கே இப்போது பேரப் பிள்ளைகள்.

எனக்கு ஒரு ஆவல். “அன்னிக்கி ரோட்டுல அவ்வளவு நேரம் நடந்தீங்களே, இன்னும் என்னதான்டி திட்டிக்கிட்டீங்க? அவரு என்ன சொன்னாரு, சொல்லேன்” என்று கேட்டேன். எல்லாவற்றையும் என் அடுப்படியில் கொட்டுகிறவள், அதற்கு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“அதச் சொல்ல மாட்டேன், பெரியக்கா. அது எங்க சண்டை.”